நஞ்சையில் கல் நட்டவனுக்கு அலங்கார வளைவு! புஞ்சையில் குதிரை கட்டியவனுக்கு நோட்டீஸ்!

(நம் வட்டாட்சியர் அலுவலகம் எதிரே நடந்த தர்ணாவில் சங்கச் செயலாளர் பேசியது. அன்று வர முடியாத உறுப்பினர்களுக்காக அச்சிடப்படுகிறது. படித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.)



குதிரை விஷயமா தர்ணாவா என்று நேற்று டீக்கடையில் ஒருத்தர் சிரித்தார். "ஏம்ப்பா, மாட்டுக்கே தீவனம் இல்ல, நீங்க குதிரைக்குப் போராடப் போறீங்களா?" என்றார். சிரிக்கட்டும். நானே ஒரு வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் சிரித்தேன். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நம் சங்க உறுப்பினர் ஒருவருடைய மகன். தம்பி பெயரைச் சொல்லவில்லை, அவர் இதோ முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், கூச்சப்படுவார். பத்தாவது முடித்துவிட்டு வெளியூர் போய், குதிரை ஏற்றம் சொல்லிக்கொடுக்கிற ஒரு கிளப்பில் லாயம் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தார். சாணம் அள்ளி, லாடம் அடிக்கக் கற்று, கடைசியில் பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லிக் கொடுக்கிற அளவுக்கு வந்தார். எட்டு வருஷம். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊருக்குத் திரும்பியபோது கையில் இருந்த சேமிப்பில் நாலு குதிரை வாங்கி வந்தார். இருக்கிற நிலம் இரண்டு ஏக்கர் எழுபது சென்ட் புஞ்சை. நம் ஊர் மேட்டுப் புஞ்சை உங்களுக்குத் தெரியும். பெரியாற்றுத் தண்ணீர் அந்த மேட்டில் ஏறியதே கிடையாது. மழை பெய்தால் கொள்ளு, பெய்யாவிட்டால் கருவேல முள்.

அந்த நிலத்தில் ஒரு கொட்டகை போட்டு, மண்ணைக் கொத்திவிட்டு ஒரு வட்டம் அமைத்து, சனி ஞாயிறில் மதுரையிலிருந்து வருகிற பிள்ளைகளுக்குக் குதிரை ஏற்றம் சொல்லித்தரப் போகிறேன் என்று சங்கக் கூட்டத்தில் வந்து சொன்னார். நான் எழுந்து, "உழுத நிலத்தில் குதிரை ஓட்டுறதுக்கா சங்கம் வைத்திருக்கிறோம்? இன்றைக்குக் குதிரை, நாளைக்கு ரிசார்ட், நாளன்றைக்கு பார். இதற்கு நாம் துணை போகக்கூடாது" என்று பேசினேன். கைதட்டல்கூடக் கிடைத்தது. தம்பி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அந்தக் கைதட்டலுக்கு இன்றைக்கு நான் வெட்கப்படுகிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். அந்தத் தம்பி நேர்வழியில் போனார். கொட்டகை போடுவதற்கு முன்னால் அனுமதி கேட்டார். அதுதான் அவர் செய்த தப்பு! ஊராட்சியில் கேட்டால், நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேள் என்றார்கள். அங்கே போனால், "இது முழுமைத் திட்டத்தில் விவசாய மண்டலம். மாடு கட்டினால் விவசாயம், ஆடு கட்டினால் விவசாயம். காசு வாங்கிக்கொண்டு ஆளை ஏற்றிச் சவாரி விட்டால் அது வியாபாரம். நில வகைப்பாடு மாற்றத்துக்கு மனுப் போடு" என்றார்கள். அதற்கு வேளாண்மை இணை இயக்குநரிடம் தடையின்மைச் சான்று, தாசில்தாரிடம் அறிக்கை, நீர்வளத் துறையிடம் கடிதம், சர்வேயர் வரைபடம், பட்டா, சிட்டா, அடங்கல், முப்பது வருஷ வில்லங்கச் சான்று. ஒரு அதிகாரி கேட்டாராம், "இலவச மின்சார மோட்டார்ல குதிரைக்குத் தண்ணி காட்டுவியா?" என்று. தம்பிக்கு மோட்டாரே கிடையாது. குடத்தில் சுமந்துதான் காட்டுகிறார். ஒரு குதிரைக்கு நாளைக்கு முப்பது நாற்பது லிட்டர்.

பதினாலு மாசம் ஆகிறது. அதற்குள் ஒரு குதிரையை விற்றுவிட்டார். அப்புறம், அனுமதி இல்லாமல் கொட்டகை போட்டிருக்கிறாய் என்று ஒரு நோட்டீஸ். அந்தக் கொட்டகை என்ன? நாலு மூங்கில், மேலே கீற்று. நம் வீட்டு மாட்டுக்கொட்டகைக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது, உள்ளே நிற்கிற பிராணியைத் தவிர.

இப்போது அந்த மேட்டிலிருந்து கீழே இறங்கி வாருங்கள். நம் ஊர் நஞ்சை. அங்கே என்ன நடந்தது? நாற்பது ஏக்கர். வெளியூர்க் கம்பெனி, பெயர் வேண்டாம். மூன்று வருஷம் தரிசாகப் போட்டார்கள். அடங்கலில் தரிசு என்று ஏறியது. நாலாவது வருஷம் செம்மண் வந்து இறங்கியது, ஜே.சி.பி. வந்தது, கல் நட்டார்கள், வாசலில் அலங்கார வளைவு, இரண்டு பக்கமும் பாக்கு மரம். "மதுரைக்கு மிக அருகில்" என்று போர்டு. அந்த நாற்பது ஏக்கருக்கு நடுவில் ஒரு வயல் வாய்க்கால் போனது. அது இப்போது முப்பதடி ரோடு. அந்த வாய்க்காலுக்குக் கீழே இருக்கிற வயல்களில் மூன்று ஏக்கர் என்னுடையது. போன தடவை மடை திறந்தபோது பக்கத்து வயலுக்குத் தண்ணீர் வந்தது, எனக்கு வரவில்லை. நாற்றாங்காலோடு கருகியது. இரண்டு மனு போட்டேன். "வரைபடத்தில் வாய்க்கால் இல்லை" என்று ஒரு வரியில் பதில். என் தாத்தா காலத்திலிருந்து மண்வெட்டி போட்டு வெட்டிய வாய்க்கால், அவர்கள் காகிதத்தில் இல்லை!

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது.

பெருமக்களே, அந்த நஞ்சைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. 1895-ல் பென்னிகுவிக் கட்டிய பெரியாறு அணை. மேற்கே கடலுக்குப் போகிற தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். 1959-ல் வைகை அணை. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம், 45,041 ஏக்கர். கள்ளந்திரிக்குக் கீழே மேலூர் வரைக்கும், அந்தப் பக்கம் திருமங்கலம் கால்வாயும் சேர்த்து ஒருபோகம், ஒரு லட்சத்து ஐயாயிரம் ஏக்கர். நாம் கடைமடை. செப்டம்பரில் திறப்பார்களா, அக்டோபரில் திறப்பார்களா என்று வானத்தையும் பேப்பரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிற ஜனங்கள். 1979-ல் அணையில் 136 அடிக்கு இறக்கினார்கள். 142 அடிக்கு ஏற்ற உச்ச நீதிமன்றத்தில் 2014-ல்தான் இறுதித் தீர்ப்பு வந்தது. ஆறடித் தண்ணீருக்கு முப்பத்தைந்து வருஷம்! அன்றைக்கு நாம் வெடி போட்டோம், லட்டு கொடுத்தோம். அந்தத் தண்ணீர் வந்து சேர வேண்டிய வயலில் இன்றைக்குக் கல் நட்டிருக்கிறது. கேரளாவோடு சண்டை போட்டு வாங்கிய தண்ணீரை ப்ளாட் ரோட்டில் விட்டு என்ன செய்ய?

நகரம் வளர வேண்டாமா என்று கேட்கிறார்கள். வளரட்டும். மதுரை எப்படி வளர்ந்தது என்று பெயர்களைப் பார்த்தாலே தெரியும். தல்லாகுளம், பீபிகுளம், உலகனேரி. குளத்தையும் ஏரியையும் பெயரில் வைத்துக்கொண்டு கட்டடத்தை மண்ணில் வைத்துக்கொண்டோம். உயர்நீதிமன்றக் கிளையே 2004-ல் உலகனேரியில்தான் திறந்தார்கள். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்று என்று அந்தக் கட்டடத்துக்குள்ளிருந்தே எத்தனை உத்தரவு வந்திருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2024 அக்டோபரில் ஒரு மழை பெய்தது. செல்லூர்க் கண்மாய்த் தண்ணீர் பந்தல்குடி வாய்க்காலில் போக வழியில்லாமல் வீடுகளுக்குள் போனது. தண்ணீருக்குத் தன் பழைய வீடு எது என்று தெரியும். நமக்குத்தான் மறந்துபோகிறது.

அப்புறம், சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1920-லேயே வெள்ளைக்காரன் மதராஸ் நகரத் திட்டச் சட்டம் போட்டான். அதற்குப் பதிலாக 1971-ல் நம் அரசாங்கம் நகர் ஊரமைப்புச் சட்டம் கொண்டுவந்தது. அப்படியிருந்தும் அனுமதியில்லாத மனைகள் காளான் மாதிரி முளைத்தன. 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், அனுமதி பெறாத மனையைப் பத்திரம் பதியக் கூடாது என்று தடை போட்டது. நாம் சந்தோஷப்பட்டோம். 2017-ல் என்ன செய்தார்கள்? 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளை எல்லாம் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறை செய்து தருகிறோம் என்று விதி போட்டார்கள். கெடு முடிந்தது, நீட்டித்தார்கள். மறுபடி முடிந்தது, மறுபடி நீட்டித்தார்கள். அதில் வீடு கட்ட ஆசைப்பட்டு இரண்டு சென்ட் வாங்கிய ஏழையும் இருக்கிறான், அவனை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வயலை மேடாக்கி விற்றுக் காசு பார்த்தவன் எங்கே? அவன் அடுத்த ஊரில் கல் நட்டுக்கொண்டிருக்கிறான். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதை. அந்தப் பழமொழியில்கூடக் குதிரையைத்தான் திட்டுகிறோம், பாவம்.

2023-ல் இன்னொரு சட்டம், நில ஒருங்கிணைப்புச் சட்டம். 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டம் என்றால் உள்ளே ஓடையோ கண்மாயோ இருந்தாலும் சேர்த்துக் கொடுக்க வழி செய்கிறது. ஆக, 250 ஏக்கருக்குக் கதவு திறக்கிறது. இரண்டே முக்கால் ஏக்கருக்கு மூடுகிறது. சென்னையில் கிண்டியில் பந்தயக் குதிரை ஓடுவதற்கு 160 ஏக்கர் அரசு நிலத்தை 1945-ல் 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். 2024-ல்தான் குத்தகையை ரத்துசெய்து சீல் வைத்தது அரசாங்கம். ஊட்டியிலும் அதே வருஷம் 52 ஏக்கரை மீட்டார்கள். மீட்டது நல்லதுதான். நான் கேட்பது, பெரிய மனுஷன் குதிரைக்கு எழுபத்தொன்பது வருஷம் கண்ணை மூடிக்கொண்ட அரசாங்கத்துக்கு நம் தம்பி குதிரை மட்டும் எப்படி ஒரே மாசத்தில் கண்ணில் பட்டது?

சரி, இதே கேள்வி வேறு ஊரில் வந்தால் என்ன செய்கிறார்கள்? என் மைத்துனர் மகள் இங்கிலாந்தில் நர்சாக இருக்கிறாள். அவளிடம் போனில் கேட்டேன். அங்கேயும் இதே சிக்கல் உண்டு. 1947-ல் போட்ட திட்டச் சட்டத்திலிருந்தே நிலத்தின் பயன்பாட்டைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றினால் அதற்கு அனுமதி வேண்டும். குதிரை புல் மேய்ந்தால் அது விவசாயம், கேள்வியில்லை. அதே வயலில் சவாரிப் பள்ளி வைத்தால் உள்ளூர் கவுன்சிலில் அனுமதி வாங்கணும். இதுவரை நம் அதிகாரி சொன்னதும் அதுவும் ஒன்றுதான். அதற்குப் பிறகுதான் வித்தியாசம். மனு வந்தால் அந்த வயல் ஓரத்துக் கம்பத்தில் நோட்டீஸ் கட்டுகிறார்கள், அல்லது அக்கம்பக்கத்தாருக்குக் கடிதம் போடுகிறார்கள். மூன்று வாரம் யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம். சாதாரண மனுவுக்கு எட்டு வாரத்தில் முடிவு என்பது விதி. அந்த எட்டு வாரம் அங்கேயும் தள்ளிப் போகிறதாம், மனுஷர்கள் எங்கேயும் மனுஷர்கள்தானே. ஆனால் அனுமதி கொடுக்கும்போது நிபந்தனை போடலாம். இத்தனை குதிரைதான், இத்தனை வருஷத்துக்குத்தான், லாயம் நின்றுபோனால் கொட்டகையைப் பிரித்து நிலத்தைப் பழையபடி ஆக்கணும் என்று எழுதிக் கொடுக்கலாம்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்கணும். நம் ஊரில் தம்பியை என்ன செய்யச் சொல்கிறார்கள்? நில வகைப்பாட்டையே மாற்றச் சொல்கிறார்கள். ஒரு தடவை விவசாயம் என்ற முத்திரை போய்விட்டால் போனதுதான். குதிரை செத்துப்போனாலும், தம்பி கடன்பட்டு விற்றாலும், வாங்குகிறவன் அதில் ப்ளாட் போடலாம், மண்டபம் கட்டலாம். அவரே சொல்கிறார், "அண்ணே, எனக்கு வகைப்பாடு மாற வேண்டாம். எங்க அப்பா நிலம் புஞ்சையாவே இருக்கட்டும். நான் குதிரை கட்ட மட்டும் எழுத்துக் கொடுங்க." அதற்குப் படிவம் இல்லை என்கிறார்கள். ஒரு சின்ன விவசாயியின் பிழைப்புக்குச் சின்ன அனுமதி கேட்டால், நிலத்தையே விவசாயத்திலிருந்து விலக்கினால்தான் தருவோம் என்கிற அமைப்பு யாருக்கு உதவும்? வாசலில் பாக்கு மரம் நடுகிறவனுக்குத்தான் உதவும்.

ரிசார்ட் வந்துவிடும் என்று நான் பயந்தேனே, அந்தப் பயம் எனக்கு இன்னும் இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து தம்பியைத் துரத்துவது அல்ல, நிபந்தனை போடுவது. கான்கிரீட் கூடாது, மேல் மண்ணை எடுக்கக் கூடாது, ஓடை வாய்க்காலைத் தொடக் கூடாது, ஐந்து வருஷத்துக்கு ஒருதரம் கிராமசபை பார்க்கட்டும்.

தம்பி இடத்துக்கு நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பக்கத்துப் புஞ்சைக்காரர் இரண்டு பேர் வரப்பில் புல் அறுத்து அவருக்கு விற்கிறார்கள். உசிலம்பட்டிப் பக்கமிருந்து கொள்ளு வாங்குகிறார். சாணத்தை அண்டை நிலத்துக்கு எருவாக அள்ளிப் போகிறார்கள். நாலு குடும்பத்துக்கு வருமானம், ஒரு பிடி மண்ணுக்கும் சேதம் இல்லை. சிறுபிள்ளை ஒன்று, ஏழு வயது இருக்கும், முதல் தடவை குதிரை மேல் ஏறி உட்கார்ந்து, "நான் அழகர்!" என்று கத்தியது. சித்திரையில் தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்குகிறவரைப் பார்த்த பிள்ளை. நம் ஊர் அய்யனாருக்குப் புரவி எடுக்கிறோம், மண் குதிரையைத் தலையில் சுமந்து ஊரே நடக்கிறது. ஜங்ஷன் வாசலில் ஜட்கா வண்டி நின்றதைப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். உயிருள்ள குதிரைக்கு மட்டும் மதுரை மண்ணில் இடம் இல்லையா?

ஆகவே சங்கம் கேட்பது இதுதான். நீர் பாய்கிற நஞ்சையில் ஒரு சென்ட்டைக்கூட வகைமாற்றம் செய்யக் கூடாது. 2020-ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் போட்டார்கள், பெரியாறு வைகைப் பாசனம் மட்டும் என்ன பாவம் செய்தது? நமக்கும் அந்தச் சட்டம் வேண்டும். கேரளாவில் 2008-ல் நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தபோது ஊராட்சிக்கு ஒரு கண்காணிப்புக் குழு வைத்து அதில் விவசாயிகளையே உறுப்பினராகப் போட்டார்கள். தண்ணீரில் சண்டை போடுகிறோம், நல்லதைக் கற்றுக்கொள்ளலாமே. புஞ்சையில் விவசாயி தன் சொந்த நிலத்தில், வகைப்பாட்டை மாற்றாமல், பிரித்துவிடக்கூடிய கொட்டகை போட்டு நடத்துகிற துணைத்தொழிலுக்குக் கிராமசபைத் தீர்மானத்தின் பேரில் அறுபது நாளில் நிபந்தனையோடு அனுமதி வேண்டும். அது குதிரையாக இருக்கட்டும், செக்காக இருக்கட்டும். வகைமாற்ற மனு வந்தால் பேப்பர் மூலையில் எறும்பெழுத்தில் விளம்பரம் போட்டால் போதாது, அந்த நிலத்திலேயே பலகை வைக்கணும், மடையில் தண்டோரா போடணும். என் வாய்க்கால் விஷயத்தை நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன், அதை இதில் சேர்க்கவில்லை.

நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2024 நவம்பரில் அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டாயிற்று என்ற செய்தி வந்தபோதும், எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் சொன்னார்கள். ஊர் ஊராகக் கிராமசபைத் தீர்மானம் போட்டோம். 2025 ஜனவரி 7-ஆம் தேதி மேலூர்ப் பக்கமிருந்து தல்லாகுளம் வரை ஜனம் நடந்தது. அதே மாசம் 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அன்றைக்கு நடந்த கால்கள்தான் இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்கின்றன. 2025 ஜனவரியிலேயே ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் கைக்குப் போனதும், கிராமசபை எதற்கு என்று சிலர் அலட்சியமாக இருந்துவிட்டோம். அந்தத் தப்பு இனி வேண்டாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நாளை எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். தலைவர் உட்கார்ந்திருந்தாலும் தனி அலுவலர் உட்கார்ந்திருந்தாலும், தீர்மானப் புத்தகத்தில் ஏறாமல் யாரும் எழுந்திருக்க வேண்டாம்.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர் நாள். தம்பி மனுவையும் நஞ்சை மனுவையும் ஒன்றாகக் கொடுக்கிறோம், ஒன்றை விட்டு ஒன்றை வாங்கமாட்டோம். மனுவின் நகல் நம் கிளைச் செயலாளர்களிடம் இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது சர்வே எண்ணையும் சேர்த்து எழுதுங்கள், எண் இல்லாத மனுவை ஓரத்தில் வைத்துவிடுவார்கள். காலை ஒன்பது மணிக்கு மாட்டுத்தாவணியில் கூடுகிறோம். தாய்மார்கள் குடையும் தண்ணீர் பாட்டிலும் எடுத்து வாருங்கள், போன தடவை வெயிலில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். தம்பி குதிரையையும் ஓட்டி வருவதாகச் சொன்னார். போலீஸ் அனுமதி வாங்கித்தான் கொண்டுவரணும் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கும் மனு போட்டாயிற்று.